வேட்பாளரை எடை போடுவது எப்படி? தன்பாலீர்ப்பு வாக்காளர் குழுவுக்கு ஒரு பதில்

கேள்வி: எங்கள் குழுவில் தன்பாலீர்ப்புள்ள ஆண்களும் பெண்களும் இருக்கிறோம். வரும் தேர்தலுக்கு முன் வேட்பாளர்களைப் பற்றி ஒரு சிறு கையேடு தயாரித்து, எங்களைப் போன்ற வாக்காளர்களிடம் சேர்க்க விரும்புகிறோம். ஒரு வேட்பாளர் எங்கள் பேரணிக்கு வந்து வாழ்த்தினார், ஆனால் ஐந்து ஆண்டுகளாக அவையில் எங்களைப் பற்றி வாயே திறக்கவில்லை. இன்னொருவர் முன்பு எங்களுக்கு எதிராக வாக்களித்தவர், இப்போது மனம் மாறிவிட்டதாகச் சொல்கிறார். மூன்றாமவர் புதுமுகம். அவர் கட்சியின் தேர்தல் அறிக்கையில் எங்களுக்கு ஒரு பத்தி இருக்கிறது, அவரோ ஒன்றும் சொன்னதில்லை. இவர்களுக்கு எப்படி மதிப்பெண் போடுவது? கேள்வித்தாள் அனுப்பினால் பலன் இருக்குமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

மதிப்பெண்ணைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். வேட்பாளரையும் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, அவர் கேட்கும் பதவியைப் பாருங்கள். உங்கள் உறுப்பினர்களை அன்றாடம் வாட்டுவது எது என்று ஒரு தாளில் எழுதுங்கள்: காவல் நிலையத்தில் அவமரியாதை, வீடு வாடகைக்குக் கிடைக்காமை, துணைவருக்காக மருத்துவமனையில் கையெழுத்திட முடியாமை, பள்ளியில் கேலி, தத்தெடுப்பு, வாரிசுரிமை, திருமண அங்கீகாரம். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதை முடிவு செய்யும் இடத்தைக் குறியுங்கள். நாடாளுமன்றமா, மாகாண அவையா, நகர மன்றமா, நீதிமன்றமா, ஓர் அதிகாரியின் சுற்றறிக்கையா? இந்தப் பதவியின் கைக்கு எட்டுபவை மட்டுமே கையேட்டில் இடம்பெற வேண்டும். நகர மன்ற வேட்பாளரிடம் திருமணச் சட்டத்தைப் பற்றிக் கேட்டால் தாராளமாக ஆதரவு சொல்வார், ஏனென்றால் அதற்காக அவர் எதையும் செய்ய வேண்டியதில்லை. உள்ளூர்ப் பதவி அற்பமானது என்று நான் சொல்லவில்லை. பிரிட்டனில் 1988இல் வந்த 28ஆம் பிரிவு, தன்பாலீர்ப்பை 'ஊக்குவிக்க'க் கூடாது என்று தடுத்தது உள்ளாட்சி அமைப்புகளைத்தான். நூலகமும் பள்ளியும் பேச அஞ்சும் நிலை அதனால் வந்தது. ஸ்காட்லாந்தில் 2000இலும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003இலும்தான் அது நீங்கியது. அந்த 15 ஆண்டுகளில் ஓர் ஆசிரியர் எதைப் பேசலாம் என்பதில் உள்ளூர் மன்ற உறுப்பினருக்கும் பங்கு இருந்தது.

அடுத்தது பதிவுகள். கேள்வித்தாளுக்கு முன்பே இதை முடித்துவிடுங்கள், அப்போதுதான் கேள்விகள் கூர்மையாக வரும். அவைக் குறிப்புகள், பெயர்வாரி வாக்குப் பட்டியல், குழு அறிக்கைகள், உறுப்பினர் எழுப்பிய கேள்விகள், அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாக்கள், கையெழுத்திட்ட தீர்மானங்கள் ஆகியவற்றைத் தேடுங்கள். சட்டத்தின் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பாதி தப்பிவிடும். சட்டப் பிரிவின் எண், மசோதாவின் எண், பழைய கால வசைச்சொற்கள், 'குடும்பம்', 'கலாச்சாரம்', 'இயற்கைக்கு மாறான' போன்ற மறைமுகச் சொற்கள் எல்லாவற்றையும் போட்டுத் தேட வேண்டும். எதிர்ப்பவர்கள் பெரும்பாலும் உங்கள் பெயரைச் சொல்லி எதிர்ப்பதில்லை.

வாக்குப் பதிவைப் படிப்பதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள், ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஒற்றை வாக்கை வைத்து ஆளை முடிவு செய்யாதீர்கள். 1996 செப்டம்பர் 10 அன்று அமெரிக்க செனட் இரண்டு மசோதாக்களை அடுத்தடுத்து எடுத்துக்கொண்டது. தன்பாலினத் திருமணங்களை மத்திய அரசு ஏற்காது என்ற மசோதா 85க்கு 14 என்று நிறைவேறியது. தன்பாலீர்ப்பாளரை வேலையில் பாகுபடுத்தக் கூடாது என்ற மசோதா 49க்கு 50 என்று ஒரே வாக்கில் தோற்றது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: திருமணத்தைத் தடுக்க வாக்களித்தவர்களில் பலர் அதே நாளில் வேலைப் பாதுகாப்பை ஆதரித்திருந்தால்தான் இந்த எண்கள் வர முடியும். முதல் வாக்கை மட்டும் எடுத்தவர் அவர்களை எதிரிகள் என்றும், இரண்டாவதை மட்டும் எடுத்தவர் நண்பர்கள் என்றும் எழுதுவார். சிங்கப்பூரில் 2022 நவம்பர் 29 அன்று இதன் மறுபக்கத்தைப் பார்த்தோம். ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை நீக்கிய அதே நாடாளுமன்றம், அதே நாளில், திருமணத்தின் வரையறையை நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாதபடி அரசமைப்பையும் திருத்தியது. இரண்டு வாக்கையும் இரண்டு வரிகளாக எழுதுங்கள்.

இறுதி வாக்கைவிட நடைமுறை வாக்கு பல நேரம் முக்கியமானது. வட அயர்லாந்து அவையில் 2015 நவம்பரில் திருமணச் சமத்துவத் தீர்மானம் பெரும்பான்மை பெற்றது, ஆனாலும் தோற்றது. 30 உறுப்பினர்கள் ஒரு மனுவில் கையெழுத்திட்டால் இரு சமூகத் தரப்பிலும் (யூனியனிஸ்ட், தேசியவாதி) போதிய ஆதரவு இருந்தாக வேண்டும் என்ற விதியை எதிர்த்தரப்பு பயன்படுத்தியதே காரணம். அங்கே வாக்குப் பட்டியலோடு அந்த மனுவில் கையெழுத்திட்டவர்களின் பட்டியலையும் பார்க்க வேண்டும். இதேபோல மசோதாவைக் குழுவுக்கு அனுப்பிக் கிடப்பில் போட்டவர், பல்லைப் பிடுங்கும் திருத்தத்தை முன்மொழிந்தவர், விவாத நேரத்தைத் தின்று தீர்த்தவர் எல்லாரும் இறுதி வாக்கில் 'ஆதரவு' என்று நிற்கக்கூடும்.

வராமலிருப்பதும் வாக்களிக்காமலிருப்பதும் தனிக் கதை. ஆஸ்திரேலியாவில் 2017 அஞ்சல் கருத்துக் கணிப்பில் 61.6 விழுக்காட்டினர் திருமணச் சமத்துவத்துக்கு ஆம் என்றனர். அந்த டிசம்பரில் கீழவையில் மசோதா வந்தபோது எதிர்த்து வாக்களித்தவர்கள் 4 பேர்தான், ஆனால் அப்போதைய அமைச்சர் ஸ்காட் மாரிசன் உட்படப் பலர் வாக்களிக்காமல் ஒதுங்கினார்கள். 'எதிர்த்தவர்கள் நால்வர்' என்று மட்டும் எழுதினால் கையேடு வாசகரை ஏமாற்றும். அதே நேரம் இல்லாமையை எல்லாம் எதிர்ப்பாகவும் எண்ணாதீர்கள். அன்று அவர் நோயுற்றிருந்தாரா, வெளிநாட்டில் இருந்தாரா, அதே நாளில் மற்ற வாக்கெடுப்புகளில் கலந்துகொண்டாரா என்று பாருங்கள். காலையில் இரண்டு வாக்கும் மாலையில் இரண்டு வாக்கும் போட்டுவிட்டு நடுவில் உள்ள இந்த ஒன்றில் மட்டும் காணாமல் போயிருந்தால், அதைக் குறிப்பிடுவது நியாயம்.

சில அவைகளில் பெயர்வாரிப் பதிவே இருக்காது. இந்திய நாடாளுமன்றத்தில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறுகின்றன. பெயர் பதிவானாலும் கொறடா உத்தரவும் கட்சித்தாவல் தடைச் சட்டமும் உறுப்பினரைக் கட்டிவைத்திருக்கின்றன. அங்கே அவர் சுதந்திரமாக நடந்துகொள்ளக்கூடிய இடங்களைத் தேட வேண்டும்: கேள்வி நேரம், விவாதப் பேச்சு, தனிநபர் மசோதா. 2015 டிசம்பர் 18 அன்று மக்களவையில் சசி தரூர், தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவைத் திருத்தும் தனிநபர் மசோதாவை அறிமுகம் செய்யவே அனுமதி மறுக்கப்பட்டது. ஆதரவு 24, எதிர்ப்பு 71, ஒருவர் நடுநிலை. அறிமுக நிலையில் தனிநபர் மசோதாவை வாக்கெடுப்பில் வீழ்த்துவது அரிது, அதனால்தான் அந்தப் பட்டியல் ஒரு சாதாரண வாக்கைவிட அதிகம் பேசுகிறது. 500க்கும் மேற்பட்டோர் உள்ள அவையில் 96 பேர்தான் வாக்கில் இருந்தார்கள் என்பதும் பதிவு செய்ய வேண்டிய செய்திதான்.

கட்சி உறுப்பினர்களை அவரவர் மனசாட்சிப்படி வாக்களிக்க விட்டிருந்தால் அந்த வாக்குக்கு எடை கூடுதல், ஏனென்றால் அது அவருடைய சொந்த வாக்கு. ஜெர்மனியில் 2017 ஜூன் 30 அன்று திருமணச் சமத்துவம் 393க்கு 226 என்று நிறைவேறியது. கட்சிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி அதற்கு வழிவிட்டவர் அன்றைய சான்சலர் அங்கேலா மெர்கல். எதிர்த்து வாக்களித்தவரும் அவரே. இதற்கு ஒரே மதிப்பெண் தர முயன்றால் தலை சுற்றும். 'வாக்கெடுப்புக்கு வழிவிட்டார்', 'தாம் எதிர்த்து வாக்களித்தார்' என்று இரண்டையும் எழுதி வாக்காளரிடம் விட்டுவிடுங்கள்.

இப்போது உங்கள் இரண்டாம் வேட்பாளர். மனம் மாறியவரை நம்பலாமா? நம்பலாம், ஆனால் மாற்றத்துக்கு அவர் என்ன விலை கொடுத்தார் என்று பாருங்கள். ஜோ பைடன் 1996இல் மேலே சொன்ன திருமணத் தடை மசோதாவை ஆதரித்து வாக்களித்தவர். 2012இல் துணை அதிபராக இருந்தபோது, அதிபர் சொல்வதற்கு முன்பே வெளிப்படையாகத் திருமணச் சமத்துவத்தை ஆதரித்தார். 2022 டிசம்பர் 13 அன்று அந்தப் பழைய சட்டத்தை நீக்கும் சட்டத்தில் அதிபராகக் கையெழுத்திட்டார். பிரிட்டனில் டேவிட் கேமரன் 28ஆம் பிரிவுக்காக 2009இல் மன்னிப்புக் கேட்டார். 2013 பிப்ரவரியில் அவருடைய அரசின் திருமண மசோதா இரண்டாம் வாசிப்பில் 400க்கு 175 என்று தேறியபோது, அவருடைய சொந்தக் கட்சி உறுப்பினர்களில் ஆதரித்தவர்களைவிட எதிர்த்தவர்களே அதிகம். கட்சிக்குள் எதிர்ப்பைத் தாங்கிக்கொண்டு செய்த மாற்றம் அது. உங்கள் வேட்பாளரிடம் மூன்று விவரங்களைத் தேடுங்கள். தம் பழைய வாக்கைப் பெயர் சொல்லித் தவறு என்கிறாரா, அல்லது 'அன்றைய சூழல்' என்று நழுவுகிறாரா? மாறியதாகச் சொன்ன பிறகு ஏதாவது செய்திருக்கிறாரா? உங்களிடம் சொன்னதைத் தம் ஆதரவாளர் கூட்டத்திலும், சமயத் தலைவர்கள் முன்னிலையிலும் சொல்லியிருக்கிறாரா? மூன்றாவதை எளிதாக எண்ணாதீர்கள். இரு மொழிகளில் பிரசாரம் செய்பவர்கள் ஒரு மொழியில் ஆதரவும் மற்றொன்றில் மௌனமுமாக இருப்பது உண்டு. இரண்டு மொழிப் பேச்சுகளையும் கேட்டு, தேதியோடு அந்தந்த மொழியிலேயே எழுதி வையுங்கள்.

புதுமுகத்துக்கு அவைப் பதிவு இருக்காது, ஆனால் வாழ்க்கை இருக்கும். தொழிற்சங்கம், பள்ளி நிர்வாகக் குழு, வழக்கறிஞர் தொழில், நிறுவனப் பொறுப்பு என எங்கே முடிவெடுக்கும் இடத்தில் இருந்தாரோ அங்கே என்ன செய்தார்? யார் அவருக்குப் பணம் தருகிறார்கள், யார் அவருடைய பேச்சை எழுதுகிறார்கள்? கட்சி அறிக்கையில் உள்ள பத்தியை வினைச்சொல்லைப் பார்த்துப் படியுங்கள். 'மதிப்போம்', 'கருத்தில் கொள்வோம்' என்றால் ஒன்றுமில்லை. 'சட்டம் கொண்டுவருவோம்', 'முதல் ஆண்டில்', 'நிதி ஒதுக்குவோம்' என்றால் பிடித்துக் கேட்க இடமிருக்கிறது. முந்தைய தேர்தல் அறிக்கையிலும் அதே பத்தி இருந்ததா, அந்தக் கட்சி ஆட்சியில் இருந்ததா என்று ஒப்பிடுங்கள். கட்சிக் கட்டுப்பாடு இறுக்கமான நாட்டில் இந்தப் பத்திக்கு வேட்பாளரின் தனிப்பட்ட நல்லெண்ணத்தைவிட எடை அதிகம்.

வேட்பாளர் தாமே தன்பாலீர்ப்பாளராக இருந்தாலும் இதே அளவுகோல்தான். ஜெர்மனியின் ஏஎஃப்டி கட்சியின் இணைத் தலைவர் அலிஸ் வைடல் ஒரு பெண்ணைத் துணையாகக் கொண்டவர். அவருடைய கட்சி தன்பாலினத் திருமணத்தை எதிர்க்கிறது. எந்த வேட்பாளரிடமும் அவருடைய ஈர்ப்பைப் பற்றிக் கேட்காதீர்கள், அவரைப் பற்றி உலவும் வதந்தியைக் கையேட்டில் சேர்க்கவும் வேண்டாம். உங்களுக்கு நேரக்கூடாது என்று நீங்கள் அஞ்சுவதை இன்னொருவருக்குச் செய்யலாகாது.

கேள்வித்தாளுக்கு வருவோம். எட்டு முதல் பத்துக் கேள்விகள் போதும், அதற்கு மேல் போனால் தேர்தல் நேரத்தில் யாரும் தொடமாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை, பிறகு விளக்கத்துக்கு 100 சொற்கள். 'சமத்துவத்தை ஆதரிக்கிறீர்களா?' என்று கேட்டால் எல்லாரும் ஆம் என்பார்கள். 'தன்பாலினத் துணைவர்களுக்கு வாரிசுரிமை தரும் மசோதா வந்தால் ஆதரித்து வாக்களிப்பீர்களா? உங்கள் கட்சி எதிர்த்தால் கட்சிக்குள் வாதாடுவீர்களா? நீங்களே ஒரு மசோதா கொண்டுவருவீர்களா?' என்று படிப்படியாகக் கேளுங்கள். மூன்றையும் ஒரே கேள்வியில் அடைத்துவிடாதீர்கள், ஒன்றுக்குச் சொன்ன ஆம் மற்ற இரண்டுக்கும் போர்வையாகிவிடும். தப்பிக்கும் வழக்கமான பதில்களையும் முன்கூட்டியே அடையுங்கள். 'அது நீதிமன்றத்தின் வேலை' என்பது மிகப் பழைய பதில். இந்தியாவில் 377ஐ 2018இல் தளர்த்தியது உச்ச நீதிமன்றம்தான். ஆனால் 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் திருமணம் பற்றிய முடிவைச் சட்டமியற்றும் அவைகளிடம் விட்டது அதே நீதிமன்றம். அப்படிப்பட்ட நிலையில் 'இது அவையின் பொறுப்பு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவை உறுப்பினராக நீங்கள் என்ன செய்வீர்கள்?' என்று கேள்வியைத் தொடங்க வேண்டும்.

பெண்களின் கேள்விகள் தனியாக எழுதப்பட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். ஆண்கள் மட்டும் உட்கார்ந்து எழுதிய கேள்வித்தாளில் தண்டனைச் சட்டமும் பொது இடத்தில் போலீஸ் தொல்லையும் நிறைந்திருக்கும். லெஸ்பியன் பெண்களுக்கு வரும் இடர் பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருந்து தொடங்குகிறது: கட்டாயத் திருமணம், வீட்டுச்சிறை, 'குணப்படுத்த' மருத்துவரிடம் இழுத்துச் செல்வது, வெளியேறினால் காணாமல் போனதாகப் புகார். 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய 'மாற்றுச் சிகிச்சை'களுக்குத் தடை விதித்த வழக்கு, வீட்டைவிட்டு வெளியேறிய இரு பெண்களைக் காணவில்லை என்று குடும்பங்கள் தந்த புகாரிலிருந்துதான் எழுந்தது. எனவே கேளுங்கள்: வயதுவந்த பெண் தானாக வெளியேறினால் காவல்துறை அவரைக் குடும்பத்திடம் ஒப்படைக்கக் கூடாது என்ற விதியை ஆதரிப்பீர்களா? தங்குமிடங்களுக்கு நிதி தருவீர்களா? குழந்தை பெற்ற பெண்ணின் துணைவியையும் சட்டப்படி பெற்றோராக ஏற்பீர்களா? பிரிட்டனில் 2008இல் வந்த கருத்தரிப்புச் சட்டம் இந்தக் கடைசி உரிமையைத் தந்தது, அதாவது திருமணச் சட்டத்துக்கு ஐந்து ஆண்டுகள் முன்பே. திருமணம் வரும்வரை இதற்குக் காத்திருக்க வேண்டும் என்று சொல்லும் வேட்பாளருக்கு அந்த உதாரணத்தைக் காட்டலாம்.

எல்லா வேட்பாளர்களுக்கும் ஒரே நாளில், ஒரே வாசகத்தில் அனுப்புங்கள். எதிரி என்று நீங்கள் நினைப்பவருக்கும் அனுப்பித்தான் ஆக வேண்டும். மூன்று வாரம் அவகாசம் கொடுங்கள். அனுப்பிய மறுநாள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து வந்து சேர்ந்ததா என்று கேளுங்கள், கேள்வித்தாள் தொலைந்து போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது ஒரு முறையும், இரண்டு நாள் இருக்கும்போது மறுமுறையும் நினைவூட்டுங்கள். வந்த பதிலை ஓர் எழுத்துகூட வெட்டாமல் வெளியிடுங்கள். வராதவருக்கு 'பதில் வரவில்லை' என்று எழுதி, நினைவூட்டிய தேதிகளைப் பக்கத்தில் போடுங்கள். 'எதிர்க்கிறார்' என்று எழுதுவது பொய்யாகும். பதில் வராவிட்டாலும் உழைப்பு வீணில்லை, கையேட்டின் எடை பதிவுகளில்தான் இருக்கிறது.

மதிப்பெண் போட்டே தீர வேண்டும் என்றால் கேளுங்கள். அமெரிக்காவில் ஹியூமன் ரைட்ஸ் கேம்பெய்ன் அமைப்பு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு 0 முதல் 100 வரை புள்ளிகள் தருகிறது. ஒரே பார்வையில் புரியும் என்பது அதன் பலம். எந்த வாக்குகளைத் தேர்ந்தார்கள் என்பதிலேயே விடை பாதி அடங்கிவிடுகிறது என்பது அந்த முறையின் பலவீனம். உங்கள் அளவுக்கு ஒற்றை எண் வேண்டாம். வாக்கு, தாமாகத் தொடங்கிய செயல், பொதுப்பேச்சு, கேள்வித்தாள் பதில், கட்சியின் நிலை என்று ஐந்து கட்டங்கள் உள்ள அட்டவணை போதும். எதற்கு எவ்வளவு எடை என்பதைத் தகவல் திரட்டும் முன்பே முடிவு செய்து எழுதிவிடுங்கள். பிறகு முடிவு செய்தால் பிடித்தவருக்கு ஏற்ப எடை தானாக நகரும். இருவர் தனித்தனியாக நிரப்பி ஒப்பிடட்டும், வேறுபடும் கட்டங்களைப் பற்றி மட்டும் குழு பேசினால் போதும். அச்சுக்கு முன் ஒவ்வொரு வேட்பாளருக்கும் அவரைப் பற்றிய பகுதியை அனுப்பி, மூன்று நாளுக்குள் தகவல் பிழை இருந்தால் சொல்லச் சொல்லுங்கள். தேதியையும் எண்ணையும் திருத்தலாம், உங்கள் மதிப்பீட்டைப் பற்றிப் பேரம் பேச இடம் தராதீர்கள்.

இந்த அட்டவணையில் பேரணிக்கு வந்த உங்கள் முதல் வேட்பாளர் எங்கே நிற்பார்? பொதுப்பேச்சுக் கட்டத்தில் ஒரு நல்ல வரி, வாக்கு, தாமாகத் தொடங்கிய செயல் ஆகிய இரண்டு கட்டங்களில் வெறுமை. அந்த ஐந்து ஆண்டுகளில் பேச வாய்ப்பு வந்ததா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். வாய்ப்பே வரவில்லை என்றால் அது ஒரு வகை, மசோதா வந்தும் வாயை மூடியிருந்தால் அது வேறு வகை.

சட்டத்தையும் பாதுகாப்பையும் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் வரிவிலக்கு பெற்ற அறக்கட்டளை எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது. இந்தியாவில் தேர்தல் துண்டறிக்கையில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும், வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் பிரசார அமைதிக் காலம். உங்கள் நாட்டு விதியைத் தேர்தல் அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். பெயரும் முகவரியும் வெளிவரும் என்றால், வீட்டில் இன்னும் சொல்லாத ஒருவர் அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டாம். கையேட்டை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பாதீர்கள், அங்கே ஒவ்வொருவரின் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். பதிவு செய்யாமலே யாரும் திறந்து படிக்கக்கூடிய பக்கமாக வையுங்கள். யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்ற பட்டியலை வைத்திருக்கவே வேண்டாம்.

கையேடு வாக்குப்பதிவுக்குப் பத்து நாள் முன்பாவது மக்கள் கையில் இருக்கட்டும். முடிவு வந்த வாரமே, வென்றவருக்கு அவர் எழுதிய பதில்களின் நகலை இணைத்து ஒரு கடிதம் அனுப்புங்கள். அவர் ஆம் என்று சொன்னவற்றில் எளிதான ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முதல் கூட்டத்தொடரில் அதைப் பற்றி ஒரு கேள்வி எழுப்புமாறு கேளுங்கள். கேள்வியின் வாசகத்தையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். அவர் எழுப்பினாலும் எழுப்பாவிட்டாலும், தேதியோடு அட்டவணையில் அது அடுத்த வரி.